சுவரில் மாப்பிள்ளை, தரையில் மச்சான்

பழைய மீன் கிடங்கின் பக்கச் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் ஆள் நிற்கிறார். நீலச் சட்டை, முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட கை, தோளில் மலைப்பாம்பு போலக் கிடக்கும் கப்பல் கயிறு. பயணிகள் கப்பலிலிருந்து இறங்குகிற கூட்டம் முதலில் அந்தச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் கழிவறை எங்கே என்று கேட்கிறது.

எதிர் நடைபாதையில் தினமும் காலையில் ஒருவர் தலையை அந்தப் பக்கம் திருப்பாமல் நடந்து போவார். சுவரில் இருப்பவர் அவருடைய தங்கையின் கணவர்.

துறைமுகத்தில் இவருக்குப் பெயர் முன்கயிறு. மாப்பிள்ளைக்குப் பெயர் பின்கயிறு. பெரிய கப்பல் கரையை ஒட்டி வந்ததும் அதன் மூக்குப் பக்கமிருந்தும் வால் பக்கமிருந்தும் கயிறுகளை இறக்குவார்கள். கரையில் நிற்பவர்கள் அவற்றை இழுத்து, தரையில் பதித்திருக்கும் இரும்புக் கட்டைகளில் மாட்ட வேண்டும். முன்பக்கத்துக்கு ஒரு குழு, பின்பக்கத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு மேஸ்திரி. முன்பக்க மேஸ்திரி இவர். பின்பக்க மேஸ்திரி மாப்பிள்ளை. வீட்டில் வைத்த பெயர்கள் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

முன்கயிறு பிறந்தது அதே கிடங்குகளுக்குப் பின்னாலிருக்கும் சந்தில். அப்பா மூட்டை தூக்கினார். இவர் மீசை முளைக்கும் வயதில் மூட்டைகள் நின்றுபோயின. சரக்கெல்லாம் பெட்டிகளில் அடைபட்டு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச காலம் துறையில் நாய்களும் துருவும்தான். பிறகு வெள்ளைக் கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஒரு தெருவை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். கயிறு பிடிக்க ஆள் தேடினார்கள். முதல் ஆளாகப் போய் நின்றவர் இவர்.

அதற்குப் பின் அந்தப் பக்கமே மாறியது. ஐஸ் பேக்டரி காபிக் கடையானது. கிடங்கு ஓட்டலானது. இவர் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டு வாங்கிய வெல்டிங் பட்டறையில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். "நாய்க்கு வெட்டுறதுக்கு முன்னாடி டோக்கன் கொடுக்குறாங்க. எனக்கு வெட்டுறவன் உட்காருன்னுகூடச் சொல்ல மாட்டான்" என்பார் முன்கயிறு.

தங்கைக்குக் கல்யாணம் ஆன புதிதில் மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இல்லை. பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். துறைக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டது முன்கயிறுதான். துறையைப் பார்த்த முன்தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தபோது முதலில் கேட்டதும் முன்கயிறைத்தான். கப்பல் நிற்கும் நாளில் புகைபோக்கிக் கரி நேராக அந்த ஜன்னலுக்குத்தான் வரும். துணி உலர்த்த முடியாது. "இருமிச் சாக வேற இடமில்லையா?" என்று வேண்டாம் என்றார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். சில வருடங்களில் கப்பல்கள் கரையிலிருந்தே மின்சாரம் எடுக்கத் தொடங்கின. புகை போயிற்று. அந்த ஜன்னலிலிருந்து கடலைப் பார்க்க இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து, விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

"வேலை நான் சொன்னது. வீடு நான் வேண்டாம்னது. ரெண்டுலயும் அவன் உட்கார்ந்திருக்கான்." இது மனைவியிடம். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே, "வாங்க மாப்ளே, உட்காருங்க மாப்ளே." தங்கை புருஷன் வயதில் எத்தனை இளையவனாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். வாய் 'வாங்க' என்று சொல்லும்போது வயிறு 'அவன்' என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் முன்கயிறு பல வருடங்களை ஓட்டினார்.

அப்புறம் சுவர் வந்தது. கிடங்கை ஓட்டலாக்கியவர்கள் ஓர் ஓவியரை அழைத்திருந்தார்கள். அந்தப் பெண் துறைக்கு வந்து கயிறு இழுப்பவர்களைப் பார்த்தாள். முன்கயிறைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு முன்கயிறிடம் ரொம்பப் பணிவாக, "சார், நீங்க கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? வெளிச்சம் மறைக்குது" என்றாள்.

சுவர் முடிந்த அன்று முன்கயிறு மனைவியோடு போய்ப் பார்த்தார்.

"கையைப் பாரு. அந்தப் பிடியில எவனாவது கயிறு பிடிப்பானா? கப்பல் ஒரு இழுப்பு இழுத்தா கட்டை விரல் கப்பலோட போயிடும்."

"விரல் போனாப் போகட்டும். முகம் அம்சமா வந்திருக்கு."

மனைவி கப்பல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவர். வாய்க்கும் அதே சூடு. அன்றிலிருந்துதான் முன்கயிறு எதிர் நடைபாதைக்கு மாறினார்.

இத்தனையும் உள்ளுக்குள் புழுங்கியதோடு போயிருக்கும். புதிய துறை வராமல் இருந்திருந்தால்.

அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, ஆழமான தண்ணீரில், கண்ணாடிக் கட்டடத்தோடு புதிய துறை கட்டினார்கள். பெரிய கப்பல்கள் எல்லாம் இனி அங்கே. பழைய துறை பணக்காரர்களின் படகுகளுக்கு. துறை மேலாளர் இரண்டு குழுக்களையும் அழைத்தார். இளம்பெண், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார், தலையில் மஞ்சள் ஹெல்மெட், பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது.

"புதுத் துறையில ஒரே குழுதான். ஒரே மேஸ்திரி. ரெண்டு பேர்ல ஒருத்தர். இந்த வாரம் ரெண்டு கப்பல் சேர்ந்து வருது, வேலையைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மேஸ்திரி ஆகாதவர் குழுவில் சாதாரண ஆளாக வரலாம், அல்லது பழைய துறையில் படகுகளுக்குக் கயிறு கட்டலாம். முன்கயிறு அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னது ஒரே வாக்கியம். "இதுவும் அவனுக்குப் போச்சுன்னா நான் மனுஷனே இல்ல."

இரண்டு கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் நாளில் நடுவில் இருக்கும் இரும்புக் கட்டை இரண்டுக்கும் பொது. முன்னால் நிற்கும் கப்பலின் வால் கயிறும் பின்னால் நிற்கும் கப்பலின் மூக்குக் கயிறும் அதே கட்டையில் விழும். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஓர் ஆள் நுழைந்து போகிற அளவு பெரிய கண்ணி. முதலில் வருபவர் தன் கண்ணியை அப்படியே கட்டையில் மாட்டலாம். இரண்டாவதாக வருபவர் அப்படிச் செய்யக் கூடாது. தன் கண்ணியை முதல் கண்ணிக்கு அடியிலிருந்து உள்ளே நுழைத்து, மேலே எடுத்து, பிறகுதான் கட்டையில் மாட்ட வேண்டும். அப்போது எந்தக் கப்பல் முதலில் கிளம்பினாலும் அதன் கண்ணி தனியாகக் கழன்று வரும். சும்மா மேலே போட்டால் அடியில் இருப்பவர் சிக்கிக்கொள்வார். மேலே இருப்பவர் தயவு வைத்தால்தான் அவருக்கு விடுதலை. இதற்கு அங்கே 'வழிவிட்டுக் கட்டுவது' என்று பெயர். கயிறு தொட்ட முதல் நாளே கற்றுக்கொடுப்பார்கள். மாப்பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் முன்கயிறு.

அன்று காலை வெள்ளைக் கப்பல் முதலில் வந்து முன்னால் நின்றது. அதன் வால் கயிற்றை மாப்பிள்ளையின் குழு நடுக்கட்டையில் மாட்டியது. அடுத்து நீலப் புகைபோக்கி வைத்த கப்பல் பின்னால் வந்தது. அதன் மூக்குக் கயிறு முன்கயிறின் பொறுப்பு. ஆட்கள் கயிற்றை இழுத்துக் கொடுக்க, ஈரம் சொட்டும் கண்ணியை அணைத்துப் பிடித்தபடி அவர் கட்டையை நெருங்கினார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கப்பலின் பின் தளத்தில் ஒரே ஆரவாரம். பயணிகளில் யாரோ சுவரையும் கீழே நிற்கும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அவர்தான்! சுவர்ல இருக்கிறவர்!" கைகள் ஆடின. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மேலாளரும் சிரித்தார். கைபேசியை எடுத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க."

முன்கயிறு தள்ளி நின்றார். படம் எடுத்து முடிந்ததும் கட்டைக்கு வந்து கண்ணியைத் தூக்கி மேலே போட்டார்.

குழுவில் ஒருவர் பதறினார். "அண்ணே, உள்ளே விடலியே?"

"எனக்குத் தெரியும். இறுக்கச் சொல்லு."

கப்பலில் கயிறு சுருட்டும் வின்ச் சுற்றியது. கண்ணி மேல் கண்ணி அழுந்தி உட்கார்ந்தது.

அவர் நினைத்தது இவ்வளவுதான்: மதியம் வெள்ளைக் கப்பல் கிளம்பும். மேலாளர் நிற்பார். மாப்பிள்ளை கயிற்றை எடுக்க முடியாமல் ஊரறிய அசடு வழிவான். சுவரில் இருக்கிற ஆளுக்குத் தரையில் ஒரு கண்ணி கழற்றத் தெரியவில்லை என்று ஆகும். அப்போது இவர் நிதானமாகப் போய்த் தன் கப்பலைத் தளர்த்தச் சொல்லி விடுவித்துக் கொடுப்பார். மதியச் சாப்பாடு அன்று அவருக்கு ருசித்தது.

மதியம் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று எழுந்தது. அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளைக் கப்பலின் மூக்குக் கயிறுகளைக் கழற்றியதும் காற்று அதை மெல்லக் கடல் பக்கம் தள்ளியது. வாலில் கடைசிக் கயிறு மட்டும் பாக்கி. மாப்பிள்ளையின் ஆட்கள் தூக்கினார்கள். வரவில்லை. மாப்பிள்ளை குனிந்து கட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து, சற்றுத் தூரத்தில் நின்ற முன்கயிறைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து மேல் கண்ணிக்குக் கீழே செருகினார்.

மாப்பிள்ளை அசடு வழியவில்லை. முன்கயிறுக்கு முதலில் அந்த ஏமாற்றம்தான் வந்தது. அதற்குள் கயிறு பேச ஆரம்பித்துவிட்டது. நைலான் கயிறு இறுகும்போது முதலில் முனகும். பிறகு மெலிதாகக் கீச்சிடும். பிறகு சத்தமே இருக்காது, அப்போது பக்கத்தில் நிற்கக் கூடாது. அறுந்து தெறிக்கிற கயிறு ஆளைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. கீச்சுச் சத்தம் கேட்டதும் முன்கயிறின் கால்கள் அவரைக் கேட்காமல் ஓடின.

"மாப்ளே! விடுங்க அதை! விலகுங்க!"

ஓடிக்கொண்டே வாக்கி-டாக்கியில் நீலக் கப்பலைக் கூப்பிட்டார். "மூக்குக் கயிறைத் தளர்த்துங்க! இப்பவே! இப்பவே!" மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். அவர் மேலேயே தானும் விழுந்தார். வின்ச் முக்கியது. மேல் கண்ணி தொய்ந்தது. முன்கயிறு எழுந்து அதைப் பிடுங்கி வீச, அடியில் கிடந்த கண்ணி துள்ளிக் கழன்று தண்ணீரில் விழுந்தது.

மேலே தளத்தில் கைதட்டினார்கள். வழியனுப்பும் நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளையின் முழங்கை சிராய்ந்திருந்தது. முன்தெரு ஜன்னலில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மேலாளரின் அறை. ஏசி குளிரில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

"யார் தப்பு?" என்றார் மேலாளர்.

முன்கயிறு தொண்டையைச் செருமுவதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"என் தப்பு மேடம். என் கண்ணி இறுகிக் கிடந்துச்சு, அடியில விட இடமில்ல. மேலேயே போட்டுக்குங்க மச்சான்னு நான்தான் சொன்னேன். கிளம்பும்போது முதல்ல இவர் கப்பலைத் தளர்த்தச் சொல்லணும். மறந்துட்டேன்."

பச்சைப் பொய். அதுவும் துறையில் யாரும் மறுக்க முடியாத, கச்சிதமான பொய்.

மேலாளர் முன்கயிறைப் பார்த்தார். "அப்ப சமயத்துல ஓடி வந்து ஆளைக் காப்பாத்தினது நீங்க."

முன்கயிறு மேஜை மேலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"புதுத் துறைக்கு இப்படி ஒருத்தர்தான் வேணும். நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்."

வெளியே படிக்கட்டில் முன்கயிறு மாப்பிள்ளையை நிறுத்தினார்.

"எதுக்கு மாப்ளே அப்படிச் சொன்னீங்க?"

"இந்த வேலையே நீங்க வாங்கிக் கொடுத்தது, மச்சான். உங்களுக்கு அது எவ்வளவு வேணும்னு உங்க தங்கச்சி சொன்னா." மாப்பிள்ளை முழங்கையில் போட்டிருந்த பேண்டேஜைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு அது அவ்வளவு பெரிசில்ல."

அவ்வளவு பெரிசில்லை. முன்கயிறு பல வாரங்களாகத் தூக்கம் கெட்டு, கடைசியில் ஓர் ஆளின் உயிரோடு விளையாடிய விஷயம், அவனுக்கு அவ்வளவு பெரிசில்லை.

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் துறை மேஸ்திரிக்கு வெள்ளைச் சட்டை கொடுப்பார்களாம், அதைத் தானே இஸ்திரி போடுவேன் என்றார். கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கிடைச்சிருச்சுல்ல? அப்புறம் ஏன் இப்படி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"அவன் கொடுத்தது."

"யார் கொடுத்தா என்ன?"

"என் தப்பு அது. அதையும் அவனே எடுத்துக்கிட்டான். இனிமே நான் அந்தச் சட்டையைப் போடும்போதெல்லாம் அவன் பெரிய மனுஷன், நான் சின்னப் பயல். யாருக்கும் தெரியாது, ஆனா அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை நாளா அவருக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, சுவர் இருக்குன்னு புலம்பினீங்க. இப்ப உங்களுக்குன்னு ஒண்ணு வந்தா, அவருக்கு நல்ல மனசு இருக்குன்னு புலம்புறீங்க. உங்களை எந்த வெந்நீர்ல போட்டு வெளுக்குறதுன்னே எனக்குத் தெரியல."

காலையில் அவர் மேலாளர் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், அவர் சொன்னது பொய். கண்ணி இறுகியெல்லாம் இல்ல. நல்லா இடம் இருந்துச்சு. மேலே போட்டது நான். தெரிஞ்சே போட்டேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"அவர் மேல பொறாமை."

"சரி. யாரும் உங்களைக் கேட்கலியே. வேலையும் உங்களுக்குத்தான்னு ஆயிடுச்சு. இப்ப ஏன் வந்து சொல்றீங்க?"

முன்கயிறு கொஞ்சம் யோசித்தார். மனசாட்சி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மேலாளர் நம்பியும் இருப்பார்.

"அதுவும் அதே காரணம்தான் மேடம்."

மேலாளருக்குச் சிரிப்பதா போலீஸைக் கூப்பிடுவதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையை வரச் சொன்னார். அவர் வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதறி, "இல்ல மேடம், என் தப்புதான்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

"உங்க தப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" முன்கயிறு கத்தினார். மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "என் கை, என் கயிறு, என் தப்பு! அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது, மாப்ளே!"

"ஆள் செத்திருந்தா அதை எப்படிங்க பங்கு பிரிச்சிருப்பீங்க?" என்றார் மேலாளர். இரண்டு பேரும் வாயை மூடினார்கள்.

முடிவு உடனே வந்தது. முன்கயிறின் மேஸ்திரிப் பட்டம் பறிபோனது. கொஞ்ச காலம் துறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். மாப்பிள்ளைக்குப் பொய் சொன்னதற்கு நல்ல திட்டு, கூடவே புதிய துறை.

திட்டு வாங்கிய கையோடு மாப்பிள்ளை தங்கையையும் கூட்டிக்கொண்டு முன்கயிறின் வீட்டுக்கு வந்தார். தங்கை வாசலிலேயே பொரிந்து தள்ளினாள். "ஏண்ணே, என் தாலியை அறுக்கப் பார்த்தியே, உனக்கு என்ன குறை வெச்சோம்?" முன்கயிறு தரையைப் பார்த்தார். அவள் அழுது ஓய்ந்த பிறகு மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"தடை முடிஞ்சதும் என் குழுவுக்கு வந்துடுங்க மச்சான். முன்பக்கம் பார்க்க ஆள் இல்ல."

மாட்டேன் என்று சொல்ல முன்கயிறு வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வருவார்!"

போனார். புதிய துறைக்குப் பேருந்து மாறிப் போக வேண்டும். முதல் நாள், காவலாளி கதவைத் திறப்பதற்கு முன்பே அங்கே போய் வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டார். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய மாப்பிள்ளை திகைத்தார்.

"மச்சான்! இவ்வளவு சீக்கிரமாவா?"

"நான் வந்து நேரமாச்சு. மேஸ்திரி நீங்க மெதுவா வாங்க, அவசரமில்ல."

ஆட்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. அடுத்த கப்பலுக்கும் முன்கயிறு முந்திக்கொண்டார். அதற்கடுத்ததற்கும். "பெரியவர் வந்துட்டாரு, மேஸ்திரியைத்தான் காணோம்" என்று காவலாளியே கிண்டல் செய்யத் தொடங்கினார்.

அப்புறம் ஒரு விடியலில் முன்கயிறு பேருந்தை விட்டு இறங்கி நடந்து வரும்போது, மூடிய கதவுக்கு முன்னால், அந்தக் கல்லில், குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தலைகூட வாரவில்லை. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, வெற்றியை மறைக்கத் தெரியாமல், "என்ன மச்சான், லேட்டு?" என்றார்.

முன்கயிறுக்குக் கோபம் வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மனைவி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அவனுக்கும் இருக்குடி!"

"என்ன இருக்கு?"

"எனக்கு இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.